தொலைவெய்தல் வில்லின் நுனிக்குக் குதை வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் சொந்தக் கையால் வில் செய்து, இலக்குக்கு அல்லாமல் தூரத்துக்கு எய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வில் நுனியில் நாண் மாட்டும் குதை. என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நாண் வில்லின் நடுக்கோட்டில் ஓட வேண்டும். அடுத்து, குதை அடியைத் தாங்க வேண்டும். எடை குறைக்கிற வேலை அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்த வில்கள் உடைவதைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குதை ஒரு சின்ன வெட்டுத்தானே, தூரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நாண் வளையம் வந்து உட்காரும் அந்த வெட்டும் அதைச் சுற்றியுள்ள மரமும் வில்லின் கடைக்கோடியில் இருக்கின்றன. நாணை விட்டதும் வில்லில் அதிக தூரம் நகர்வது அந்த நுனிதான். பிடிக்குப் பக்கத்தில் 10 கிராம் கூடுதலாக இருந்தாலும் அம்புக்குத் தெரியாது. அதே 10 கிராம் நுனியில் இருந்தால், அம்புக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கை அந்த நுனி வாங்கிக்கொண்டு பிறகு அதிர்வாக வீணாக்கும். எய்த பிறகு கையில் வரும் உதறல் பெரும்பாலும் இந்த வீணான சக்திதான்.

சாதாரண இலக்கு வில்லில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டியதில்லை, அம்பே கனமாக இருக்கும். 40 பவுண்டு வில்லுக்கு, அதாவது முழுதாக இழுக்க 40 பவுண்டு பலம் வேண்டிய வில்லுக்கு, வழக்கமான அம்பு பவுண்டுக்கு 10 கிரெயின் கணக்கில் 400 கிரெயின், அதாவது ஏறக்குறைய 26 கிராம். தொலைவெய்தலுக்கு அதில் பாதி, 13 கிராம் போல வைக்கிறார்கள். அம்பு அவ்வளவு லேசாகும்போது வில் நுனியின் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும். இன்னொரு பக்கமும் உண்டு: அம்பு லேசானால், அம்பில்லாமல் வெறும் நாணை விடுவதற்குக் கிட்டத்தட்ட நெருங்கி வருகிறோம், குதையில் விழும் அடி கூடுகிறது. லேசாகவும் இருக்க வேண்டும், பலமாகவும் இருக்க வேண்டும். இந்த இழுபறிதான் குதை வேலை முழுவதும்.

1 கிராம் குறைத்தால் உண்மையிலேயே எவ்வளவு கூடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பவுண்டு வில்லில் சுமார் 45 ஜூல் சக்தி சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு 13 கிராம். வில் கைகளும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள்) நாணும் சேர்ந்து, அம்போடு கூடவே ஓடுகிற 10 கிராம் சுமை போல நடந்துகொள்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது வேகம் வினாடிக்கு 62.5 மீட்டர் அளவில் வரும். அந்த 10 கிராமை 9 ஆக்கினால் வேகம் 64-ஐத் தொடும். நூற்றுக்கு இரண்டு சொச்சம். காற்றுத் தடையை விட்டுவிட்டால் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், 4 சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. காற்று அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நுனியில் 1 கிராம் மரத்தைச் சீவினால் இந்தக் கணக்கில் 1 கிராம் முழுதாகக் குறையாது, ஏனென்றால் அம்பு ஓடுகிற தூரம் முழுவதும் நுனி ஓடுவதில்லை. நாணிலும் அப்படித்தான், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அம்போடு சேர்ந்தது போலக் கணக்கு வரும். 9 கிராம் நாண் என்றால் 3 கிராம். 13 கிராம் அம்புக்கு அது கால்வாசிக்குக் கிட்ட! அதனால் ‘நுனியை இன்னும் சீவட்டுமா’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் நாணைத்தான் எடுத்துக் காட்டச் சொல்வேன்.

நுனியை ஒல்லியாக்கினால் பலம் போய்விடாதா?

எந்தப் பக்கம் ஒல்லியாக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வில் வளையும் திசையில் ஒரு மரத்தின் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகக் கூடும், தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு கூடும் (தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு). அதாவது, அகலத்தைப் பாதியாக்கிவிட்டுத் தடிப்பை 26 சதவீதம் மட்டும் கூட்டினால் பழைய விறைப்பு அப்படியே இருக்கும், எடை மட்டும் 37 சதவீதம் குறைந்துவிடும். துருக்கிய வில்களின் நுனி அகலம் குறைந்து, முன்பின் ஆழமாக இருப்பதற்கு இந்தச் சூத்திரம்தான் அடிப்படை. இஸ்தான்புல்லின் ஒக்மெய்தானில் தூர எய்தலுக்கு நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே எய்தவர்கள் சூத்திரம் எழுதி வைக்காமலே கையால் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சரி, இதில் இலவசம் எதுவும் இல்லை. அகலம் பாதியானால் பக்கவாட்டு விறைப்பு ஆறில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். நாண் ஒரு மில்லிமீட்டர் விலகி ஓடினாலும் நுனி திருகிக்கொள்ளும். வளைந்த நுனியுள்ள குட்டை வில்லில் நாண் நழுவி வில் பின்பக்கம் புரண்டுவிடும், முகத்துக்கு அடிபடும். அதனால்தான் எடையைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

கடைசி 12 முதல் 15 செ.மீ. வரையான பகுதி வளையவே கூடாது என்று வைத்துக்கொண்டு அங்கே மட்டும் இப்படிச் சீவுங்கள். வளைகிற பகுதியில் அகலத்தைத் தொடாதீர்கள்.

எந்த வடிவக் குதை நல்லது?

முதல் வில் என்றால் இரண்டு பக்கமும் வெட்டும் சாதாரணக் குதை போதும். நுனி கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், எடை கூடும், ஆனால் பிழைத்துக்கொள்ளலாம்.

தூரம்தான் குறி என்றால் நான் ஊசிக் குதையைத்தான் சொல்வேன். நுனி 9, 10 மி.மீ. அகலத்தில் வந்து, திடீரென்று இரண்டு பக்கமும் சின்னத் தோள் விட்டு, 5 அல்லது 6 மி.மீ. கழுத்தாக முடியும். நாண் வளையம் அந்தத் தோள்களில் உட்காரும். வெட்டுக்கு மேலே வீணான மரம் அநேகமாக இல்லை, நாணும் நடுவிலேயே நிற்கும். இதில் ஒரே பலவீனம் தோள்: மரத்தின் நார் போகும் திசையில் ‘டக்’ என்று பிளந்து கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்க, தோளுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையில் ஊறவிடுங்கள். அந்தச் சுற்றின் எடை அரைக் கிராம்கூட வராது. இதை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டும் குதையும் உண்டு, பழைய ஆங்கில நெடுவில்களின் கொம்பு நுனியில் பார்க்கலாம். குறைவாக வெட்டுவதால் மரம் பலமாக இருக்கும். ஆனால் நாண் ஒரு பக்கமாக இழுக்கும். நீளமான, தடித்த வில்லுக்கு அது பொறுக்கும், ஒல்லி நுனியுள்ள குட்டை வில்லுக்குப் பொறுக்காது.

துருக்கிய முறையில் முதுகுப் பக்கம், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி வளையத்தை அதில் உட்கார வைப்பார்கள். நாணின் இரண்டு காலும் நுனியின் இரண்டு பக்கமும் சமமாக இறங்கி, எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கத்தில் நடுக்கோட்டில் சேரும். அழகான வேலை. ஆழமான நுனி இருந்தால்தான் சரிவரும்.

அண்ணே, என்னுடைய வில் மூங்கில், நண்பனுடையது கித்துள். அதில் ஊசிக் குதை வெட்டலாமா?

அப்படியே வெட்ட வேண்டாம் தம்பி. மூங்கிலிலும் கித்துளிலும் பலமெல்லாம் வெளிப்பக்கத்து நெருக்கமான நாரில்தான் இருக்கிறது, உள்ளே போகப் போக மெத்தென்று ஆகிவிடும். தோள் வெட்டினால் அந்த நல்ல நாரையே அறுக்கிறீர்கள், மிச்சம் நிற்பது மெத்தைப் பகுதி. நார்கள் ஒன்றோடொன்று பின்னாமல் நேராக ஓடுவதால் தோள் சீவலாகக் கழன்று வரும்.

வெட்டுவதற்குப் பதிலாகக் கட்டுங்கள். நுனியைக் கூம்பாகச் சீவிவிட்டு, நாண் உட்கார வேண்டிய இடத்துக்குக் கீழே நூலை மேலும் மேலும் சுற்றி, பசை விட்டு, ஒரு மேடு எழுப்புங்கள். அந்த மேடுதான் உங்கள் தோள். சுற்றுகிற இடத்தில் பச்சைத் தோலை மட்டும் லேசாக உரசி எடுங்கள், வழுவழுப்பில் பசை பிடிக்காது.

நுனிக்கு மேல் என்ன ஒட்டலாம்? கருங்காலி, கொம்பு எல்லாம் எங்கே தேடுவது?

கருங்காலியைத் தேடி அலைய வேண்டாம், பாதுகாக்கப்பட்ட மரம். எருமைக் கொம்பு கண்டிப் பக்கம் கொம்பு வேலை செய்கிறவர்களிடம் துண்டாகக் கிடைக்கும். வெட்டியதில் மிஞ்சியதே நமக்குப் போதும், 3 செ.மீ. நீளம், 4 மி.மீ. தடிப்பு இருந்தால் ஒரு நுனி முடிந்தது. கொம்பு எளிதில் பிளக்காது, அரத்துக்கு வழவழவென்று வரும், நாணை அறுக்காது.

என் மனதுக்குப் பிடித்தது ஒன்று நம் காலடியிலேயே இருக்கிறது. மறு நடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை. அடுப்புக்குப் போகிற அந்தக் கட்டையில் கோணல் இல்லாத ஒரு துண்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். நெருக்கமான, கெட்டியான மரம். ஒட்டும்போது அதன் நார் வில்லின் நாரோடு ஒரே திசையில் ஓட வேண்டாம், கொஞ்சம் சரித்து வையுங்கள், பிளவு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவாது.

பசைக்கு இரண்டு குழாய் அரால்டைட் போதும். கொம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், மண்தாளால் உரசிச் சாராயத் துணியால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். நுவரெலியா, கந்தப்பளை மாதிரி குளிரான ஊரில் பசை இறுகப் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒரு முழு நாள் தாண்டாமல் நாண் பூட்டாதீர்கள்.

என்ன அரம் வாங்க வேண்டும்? எப்படி வெட்டுவது?

மரம் அறுக்கும் செயின் சோவின் பல் தீட்டுகிற வட்ட அரம். 4 மி.மீ. அளவு எந்த ஹாட்வெயார் கடையிலும் இருக்கும், தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்களிடமும் இருக்கும். நாண் வளையத்தின் தடிப்பு 3 மி.மீ. என்றால் அந்த 4 மி.மீ. பள்ளம் சரியாகப் பொருந்தும். முக்கோண அரத்தையும் வாளையும் தூர வையுங்கள். கூர்மையான மூலை உள்ள எந்த வெட்டும் மரத்தில் பிளவுக்கு வழி காட்டும், நாணுக்கும் எமன்.

மேலோட்டமாக நுனியைச் சீவ கவ்வாத்துக் கத்தி நன்றாகவே உதவும், கையில் பழகினவர்களுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ஆனால் குதைக்குள் கத்தி வேண்டாம், அங்கே அரம் மட்டும்தான்.

பள்ளத்தின் ஆழம் 2 மி.மீ. போதும். திசை முக்கியம்: முதுகுப் பக்கத்தில் நுனிக்குக் கிட்டத் தொடங்கி, வயிற்றுப் பக்கம் போகப் போகப் பிடியை நோக்கிச் சரிய வேண்டும், ஏறக்குறைய 45 பாகை. நாண் பூட்டி வைத்திருக்கும்போது அது வில்லோடு ஒட்டினாற்போலக் கீழே போகும், முழுதாக இழுக்கும்போது வில் நுனிக்குச் செங்குத்தாக வந்துவிடும். ஆகவே வயிற்றுப் பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் விரித்து உருட்டிவிடுங்கள், எந்த நிலையிலும் நாண் ஒரு கூர் விளிம்பில் மடியக் கூடாது. முடித்த பிறகு ஒரு கொத்துப் பஞ்சைக் குதைக்குள் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே நாணும் அறுபடும்.

நாண் நடுவில் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆழமாக வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். இரண்டு நுனியிலும் சும்மா தொட்டாற்போல அரம் போட்டுவிட்டு, ஒரு தையல் நூலைக் குதையிலிருந்து குதைக்கு இழுத்துக் கட்டுங்கள். வயிற்றுப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நூல் பிடியின் நடுவை வெட்ட வேண்டும். இடது பக்கம் விலகினால், எந்த நுனி காரணம் என்று கண்டுபிடித்து, அந்த நுனியில் இடது பக்கக் குதையை ஆழமாக்குங்கள், நூல் வலது பக்கம் நகரும். அரத்தைக் கொஞ்சம் இழுத்தாலே நூல் நகர்ந்துவிடும், அவசரப்படக் கூடாது.

வளைந்த நுனி என்றால் வயிற்றுப் பக்கத்தில் நாண் படுக்கும் இடத்தில் ஆழமில்லாத ஒரு ஓடையும் போடுங்கள். நாண் திரும்பி வந்து படுக்கும்போது தடம் மாறாமல் இருக்க அது உதவும்.

என்ன நாண், எத்தனை இழை?

பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: நாண் தாங்கும் சுமை வில்லின் இழுவை எடையைப் போல குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும். டேக்ரான் என்ற செயற்கை நூலின் இழை ஒன்று 50 பவுண்டு தாங்கும். 40 பவுண்டு வில்லுக்குக் கணக்குப்படி 4 இழையே போதும் போலத் தோன்றும், ஆனால் முடிச்சும் மடிப்பும் பலத்தைக் குறைக்கும், லேசான அம்பின் அடி வேறு. வழக்கமாக 12 இழை போடுவார்கள். தூரத்துக்காகக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் இரண்டு இழையாகக் குறைத்து, குதையையும் நாணையும் பார்த்துப் பார்த்து இறங்குங்கள்.

டைனீமா வகை நூல் இழுபடாது, எடை குறைவு, தூரத்துக்கு நல்லது. மீன்பிடிக் கடையில் பின்னல் நூல் என்று விற்பதில் பலவும் அதே வகைதான். ஆனால் இழுபடாத நாண் அடியை அப்படியே குதையில் இறக்கும், மெல்லியதாக இருப்பதால் வெறும் மரத்தை நறுக்கவும் செய்யும். கொம்போ கட்டையோ ஒட்டாத நுனியில் அதைப் பூட்டாதீர்கள், வளையங்களில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிப்பாக்குங்கள். அந்த நூல் வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது.

இயற்கைப் பொருளில்தான் செய்வேன் என்பவர்களுக்கு மருள் நார் இருக்கிறது. சிங்களத்தில் நியந்த என்பார்கள், தும்பறைப் பாய்களை இந்த நாரில்தான் நெய்தார்கள். மருள் செடியின் நாரை வில் நாணுக்குப் பயன்படுத்தியதால்தான் ஆங்கிலத்திலும் அதற்கு வில்நாண் சணல் என்று பெயர் வந்தது. பலமான நார், ஆனால் டேக்ரானைவிடத் தடிப்பாகத் திரிக்க வேண்டும், குதையையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டியிருக்கும்.

மழையும் மூடுபனியுமாக இருக்கிறதே, குதைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். மரம் தண்ணீர் குடிப்பது அதிகமாக நாரை அறுத்த முகத்தில்தான், குதை வெட்டுவது என்றாலே அப்படி ஒரு முகத்தைத் திறந்து வைப்பது. வெட்டி முடித்த அன்றே சூப்பர் குளூ இரண்டு துளியை ஊறவிட்டு, காய்ந்ததும் வார்னிஷ் பூசிவிடுங்கள். ஈரம் ஏறிய நுனி கனமாகும், விறைப்பும் குறையும்.

லயத்து அடுப்புக்கு நேர் மேலே வில்லைத் தொங்கவிடுவது பலர் வழக்கம். மரத்தைப் பதப்படுத்தும் காலத்தில் சரி. முடிந்த வில்லை அங்கே விடாதீர்கள், அளவுக்கு மீறிக் காய்ந்த மரம் தோளில்தான் முதலில் வெடிக்கும். பொதுவாக வில் மரத்தில் 8 முதல் 10 சதவீதம் ஈரம் இருப்பது நல்லது.

நுவரெலியாவில் எய்தால் அம்பு கூடுதலாகப் போகும் என்கிறார்களே?

உண்மைதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, தடையும் அந்த அளவு குறையும். அமெரிக்காவில் தூர எய்தல் நடக்கும் பொன்னவில் உப்புவெளியும் 1,280 மீட்டருக்கு மேல்தான். 1987-இல் டொன் பிரவுன் கையால் பிடித்த வில்லில் 1,336 யார், அதாவது 1,222 மீட்டர் எய்ததும், 1971-இல் ஹாரி டிரேக் காலால் உந்தும் வில்லில் 2,028 யார் எய்ததும் இப்படிப்பட்ட வறண்ட ஏரிப் படுகைகளில்தான்.

ஆனால் இதனாலேயே, கண்டியில் பழைய குதையோடும் நுவரெலியாவில் புதிய குதையோடும் எய்து தூரத்தை ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. சரிவில் கீழ்நோக்கி எய்த தூரமும் அப்படித்தான்.

அப்படியானால் எங்கே, எப்படிச் சோதிப்பது? எங்கள் தோட்டத்து மைதானம் 100 மீட்டர்கூட இல்லை.

தேயிலை மலையைத் தாண்டி எய்யாதீர்கள். எதிர்ச் சரிவில் கொழுந்து எடுப்பவர்கள் செடிக்குள் குனிந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது, அந்த லேசான அம்பு விழும் இடமும் உங்கள் கையில் இல்லை. முழுத் தூரமும் ஆளில்லாமல் கண்ணுக்குத் தெரிகிற சமதரை, உரியவர்களின் அனுமதியோடு கிடைத்தால் மட்டும் தூரத்துக்கு எய்யுங்கள்.

குதையைச் சோதிக்கத் தூரம் தேவையே இல்லை, வேகம் போதும். 20 மீட்டரில் சாக்குக்குள் பழந்துணி திணித்து, முன்னால் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள், பின்னால் மண் மேடு இருக்கட்டும். போனை வில்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒலியைப் பதிவு செய்யுங்கள். நாண் விட்ட சத்தத்துக்கும் அட்டையில் பட்ட சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஏதாவது ஒலி எடிட்டிங் செயலியில் அளந்து, பட்ட சத்தம் திரும்பி வர எடுத்த 0.06 வினாடியைக் கழியுங்கள். வினாடிக்கு 50 மீட்டர் வேகம் என்றால் 0.400 வரும், 51 என்றால் 0.392. இந்த வித்தியாசம் திரையில் தெளிவாகவே தெரியும். ஒரே அம்பு, ஒரே இழுப்பு நீளம், பல தடவை எய்து சராசரி எடுங்கள்.

குதையில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. தொடர்ந்து எய்யலாமா?

நாணைக் கழற்றுங்கள், பிறகு யோசிக்கலாம். கோட்டின் மேல் ஒரு துளி தேயிலைச் சாயம் விட்டுத் துடையுங்கள். கோடு கறுத்து நின்றால் அது விரிசல். வளையத்துக்கு மேலே, நுனிப் பக்கமாகப் போகும் விரிசல் என்றால் மெல்லிய பசையை ஊறவிட்டு, நூல் சுற்றி, பாதி இழுப்பில் சில தடவை பார்த்துவிட்டுத் தொடரலாம். தோளிலிருந்து கீழே, வில் கையை நோக்கி இறங்குகிற விரிசல் என்றால் அந்தக் குதையை விட்டுவிடுங்கள். 2 செ.மீ. கீழே புதிதாக வெட்டுங்கள், மறு நுனியையும் அதே அளவு குறையுங்கள், நாணையும் சுருக்குங்கள். வில் கொஞ்சம் விறைக்கும், இழுவை எடை ஓரிரு பவுண்டு கூடும், அதனால் வளைவை மறுபடி சீர்பார்த்த பிறகே முழுதாக இழுங்கள்.